வாசலில் ஒரு வயல் – 17: பிஞ்சைக் கிள்ள மனசு வரணும்

முலாம்பழம் போட்டவர்கள் எல்லோரிடமும் ஒரே புலம்பல்: “நல்லாத்தான் காய்ச்சுது, ஆனா சப்புன்னு இருக்கு.” விதைக்கடைக்காரரைத் திட்டுவார்கள். பக்கத்துப் பாத்தியில் வெள்ளரி இருந்ததால் மகரந்தம் கலந்து இனிப்பு போய்விட்டது என்று காரணம் சொல்பவர்களும் உண்டு.

வெள்ளரிக்காய் பாவம், அதன்மேல் குற்றமில்லை. அதற்கு 7 ஜோடி குரோமோசோம், முலாம்பழத்துக்கு 12. இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஒட்டக்கூடியது வேறொன்று: கோடையில் வெடித்து மாவாக உதிருமே, நாட்டுச் சர்க்கரை தூவிச் சாப்பிடுவோமே, அந்த வெள்ளரிப்பழம். அது முலாம்பழத்தின் சொந்த இனம். அப்படியே கலந்தாலும் இந்த வருஷப் பழத்தின் ருசி மாறாது. கலப்பு விதைக்குள்தான் போகும். அந்த விதையை எடுத்துவைத்து அடுத்த வருஷம் ஊன்றினால்தான் வம்பு.

சப்பென்று போவதற்குப் பெரும்பாலும் நம் ஆசைதான் காரணம். ஒரு கொடியில் ஆறு பிஞ்சு பிடித்தால் ஆறையும் விட்டுவைக்கிறோம். மாவும் வாழையும் காயாக இருக்கும்போதே மாவுச்சத்தைச் சேர்த்துவைத்து, பழுக்கும்போது அதைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். முலாம்பழத்துக்கும் தர்பூசணிக்கும் அந்தக் கையிருப்பு கிடையாது. பழம் முற்றும் கடைசி நாட்களில் இலைகள் அன்றன்றைக்குச் சமைத்து அனுப்பும் சர்க்கரைதான் இனிப்பு. பறித்த பிறகு முலாம்பழத்தில் மணம் கூடும், சதை இளகும், இனிப்பு கூடாது. அரிசிப் பானைக்குள் புதைத்துவைக்கும் வித்தை இங்கே செல்லாது. வேரில் வெல்லத் தண்ணீர் ஊற்றினாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குத்தான் விருந்து.

ஜப்பானில் ஷிசுவோகா பகுதியில் கண்ணாடிக் குடிலில் முலாம்பழம் வளர்ப்பவர்கள் ஒரு செடிக்கு ஒரே பழம்தான் விடுவார்கள். ஹொக்கைடோ தீவின் யூபாரி முலாம்பழம் ஒரு ஜோடி, 2019-ல் முதல் ஏலத்தில் 50 லட்சம் யென்னுக்குப் போனது. விலை வெறும் விளம்பரப் பெருமை. ஒரு செடிக்கு ஒரு பழம் என்ற கணக்கு மட்டும் நமக்குப் போதும். மாடியில் வளர்ப்புப் பையில் இருக்கும் கொடிக்கு ஒன்று, தரையில் ஓடும் கொடிக்கு இரண்டு. அதற்கு மேல் வைத்தால் எண்ணிக்கைதான் மிஞ்சும்.

முலாம்பழத்தில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. அவை உதிர்வதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். காய்க்கும் பூ பெரும்பாலும் பக்கக் கிளையில்தான் வரும். அதனால் தாய்க்கொடி நாலைந்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை சீக்கிரம் கிளம்பும். தர்பூசணிக்கு இந்தக் கிள்ளல் வேண்டாம், அது தாய்க்கொடியிலேயே காய்க்கும்.

மாடியில் தேனீ குறைவு. பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். காலை வெயில் ஏறுமுன் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளை, அடியில் ரோமம் படர்ந்த குட்டிப் பிஞ்சோடு நிற்கும் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பிடித்திருந்தால் சில நாளில் பிஞ்சு பெருக்கத் தொடங்கும். பிடிக்காதது மஞ்சளாகிச் சுருங்கும். கோழிமுட்டை அளவு வந்ததும் காம்பு தடித்த, கோணாத பிஞ்சை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான். வெட்டிய பிஞ்சைக் கூட்டில் போடலாம், வெள்ளரி மாதிரியே இருக்கும். வைத்துக்கொண்ட பிஞ்சுக்கு உடனே காகித உறை மாட்டுங்கள்; பழ ஈ குத்திவிட்டால் உள்ளே புழுதான்.

இலைதான் சமையற்கட்டு என்பதால் சாம்பல் நோய் வந்த கொடியில் இனிப்பை எதிர்பார்க்க முடியாது. காய் பிடித்த பிறகு யூரியா பக்கமே போகாதீர்கள். அப்போது தேவை சாம்பல் சத்துதான். பழம் முற்றும் கடைசிப் பத்து நாளில் தண்ணீரைக் குறையுங்கள். காயவிட்டுத் திடீரென்று குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும்.

பறிக்கும் பக்குவம் ரொம்ப முக்கியம். வலைப்பின்னல் தோல் உள்ள முலாம்பழம் என்றால், காம்பு சேருமிடத்தில் வட்டமாக விரிசல் விட்டு, லேசாகத் தொட்டாலே கையோடு வரும். தர்பூசணிக்குக் காம்பின் பக்கத்திலுள்ள பற்றுச்சுருள் காய்ந்திருக்க வேண்டும். தரையில் பட்ட வெள்ளைத் திட்டு நன்றாக மஞ்சளித்திருக்க வேண்டும். தட்டிப் பார்த்துச் சொல்லும் சாமர்த்தியம் பழ வியாபாரிகளுக்கு இருக்கிறது. என் காதை நான் நம்புவதில்லை.

தர்பூசணியில் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா மாணிக் சுமார் 6 கிலோ வரும். இடம் குறைவென்றால் சுகர் பேபி போதும். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் நோகும், விதையை நேரடியாக ஊன்றுங்கள். தை பிறந்ததும் ஊன்றினால் சித்திரையில் பழம். விதையை மார்கழியிலேயே வாங்கிவையுங்கள்.