முக்கால் வட்டிக் கடனும் நீளும் தவணையும்

திண்டுக்கல் மாவட்டம் எரியோட்டில் கைமாற்றுக் கடனுக்குச் சதவீதம் பேசுவாரில்லை. மாதத்துக்கு, நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்பதே கணக்கு. ‘ரெண்டு வட்டி’ என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். அந்தக் கணக்கில் 9 சதவீத வீட்டுக்கடன் வெறும் ‘முக்கா வட்டி’. கேட்டவுடன் கொள்ளை மலிவாகத்தான் தெரியும். ஆனால் வீட்டுக்கடன் வட்டி ஒரே இடத்தில் நின்றதில்லை.

ஹெச்டிஎஃப்சி 1978இல் தந்த முதல் வீட்டுக்கடன் 30,000 ரூபாய்; வட்டி 10.5 சதவீதம். 1994 அக்டோபரில், 2 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களுக்கான வட்டியை வங்கிகளே முடிவுசெய்ய அனுமதி கிடைத்தது. 90களின் நடுவில் வீட்டுக்கடன் வட்டி 15 சதவீதத்தைத் தொட்டது. பத்தே ஆண்டுகளில் 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2009இல் ஸ்டேட் பாங்க், முதல் ஆண்டுக்கு 8 சதவீதம் என்று அறிவித்து மற்ற வங்கிகளையும் போட்டிக்கு இழுத்தது.

இதற்கிடையில், மாறாத வட்டி போய் மாறும் வட்டி வழக்கமானது. ரிசர்வ் வங்கி வட்டியைக் கூட்டினால் உடனே ஏற்றுவதும், குறைத்தால் ஆற அமர இறக்குவதும் வங்கிகளின் பழக்கம். இதைத் திருத்தத்தான் 2010இல் அடிப்படை வட்டி, 2016இல் வங்கி பணம் திரட்டும் செலவை ஒட்டிய எம்சிஎல்ஆர், 2019 அக்டோபரில் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோல் என்று முறை மாறிக்கொண்டே வந்தது.

ரெப்போ முறையில் வட்டி இறங்குவது மட்டுமல்ல, ஏறுவதும் வேகம்தான்.

2021இல் 6.7 சதவீதத்தில், 20 ஆண்டுக்கு 10 லட்சம் வாங்கியவரின் தவணை 7,574 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4இலிருந்து 6.5 ஆனது, அவருடைய வட்டி 9.2 ஆகியிருக்கும். அந்த விகிதத்தில் 10 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 7,667. இடையில் கொஞ்சம் அசல் அடைந்திருந்தாலொழிய, பழைய தவணை வட்டிக்கே காணாது. பல வங்கிகள் தவணையைத் தொடாமல் ஆண்டுகளை நீட்டின. கடன்காரருக்கு அது உறைக்கவேயில்லை. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று அவரிடமே கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ ஒரு சதவீதம் குறைந்தது. ஆனால் ரெப்போவோடு இணைக்கும் கட்டாயம் வங்கிகளுக்குத்தான். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இல்லை. வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் சம்பளச் சீட்டு இல்லாமல் வேலை பார்ப்பவருக்குப் பெரும்பாலும் கடன் தர முன்வருவது அந்த நிறுவனங்கள்தான். தன் கடனுக்கு எது அளவுகோல், அதற்கு மேல் எவ்வளவு கூட்டுகிறார்கள், வட்டியை எப்போது மாற்றுவார்கள் என்பதை அவர் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மாறும் வட்டியில் சொந்த வீட்டுக்கடன் வாங்கிய தனிநபர் வேறு இடத்துக்குக் கடனை மாற்றினால், முன்கூட்டி அடைத்ததற்காக அபராதம் வசூலிக்க முடியாது.