ஒளி மேலே, உரம் கீழே

கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று இத்தனை ஆறுகள் வந்து விழுகின்றன வங்கக் கடலில். அரபிக்கடலில் அப்படி இல்லை. ஆனாலும் உயிர்ச்செழிப்பில் அரபிக்கடல்தான் முந்தி நிற்கிறது. ஏன் என்று கேட்டால் ஒரு கிளாஸ் டீயில் முடிகிற பதில் இல்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டே தொடங்கலாம்.

கடலில் பெரும்பாலான உயிர்களுக்குச் சாப்பாடு மிதவைப் பாசியிலிருந்துதான் ஆரம்பம். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்தாவரத்துக்கு வெயிலும் வேண்டும், உரமும் வேண்டும். வெயில் எவ்வளவு தெளிந்த நீரிலும் 200 மீட்டருக்குக் கீழே பயன்படும் அளவுக்கு இறங்காது. நைட்ரேட், பாஸ்பேட் போன்ற உரமோ செத்த உயிர்களோடு மூழ்கி ஆழத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒளி மேலே, உரம் கீழே. இந்த இரண்டையும் சேர்த்துவைக்க ஆள் இருக்கிற கடல்தான் செழிக்கும். அந்த ஆள், பெரும்பாலும் காற்று.

சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டித் தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கி வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் வலப்பக்கம் ஒதுங்கிக் கரையை விட்டு விலகுகிறது. விலகிய இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, உரமேறிய நீர் மேலே வருகிறது. கேரளக் கரையிலும் அந்தப் பருவத்தில் இதே மேலேற்றம் உண்டு. அங்கே மத்தி செழிப்பது அதை நம்பித்தான்.

வங்கக் கடலிலும் அதே காற்று வீசத்தான் செய்கிறது. ஆனால் அரபிக்கடலில் உள்ள வேகம் இல்லை. அதோடு, ஆறுகளே இங்கே குறுக்கே நிற்கின்றன. பெருங்கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். மழைக்காலம் முடியும்போது வங்கக் கடலின் வடகோடியில் மேல்நீரின் உப்பு 30 கிராமுக்கும் கீழே போய்விடும். உப்பு குறைந்த நீர் எடை குறைந்தது. காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல் அது உப்புநீரின்மேல் பரவிக் கிடக்கிறது. சாதாரணக் காற்றுக்கு அதைக் கிழிக்க வலுவில்லை. புயல் கிழிக்கும். புயல் போன தடத்தில் சில நாட்கள் பாசி பெருகுவது செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிகிறது. சரி, ஆறுகள் கொண்டுவரும் உரம் என்ன ஆகிறது? அதில் பெரும்பகுதி முகத்துவாரங்களை ஒட்டியே செலவாகிவிடுகிறது.

தெற்கே வந்தால் கதை மாறுகிறது. இலங்கையின் தென்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரைத் தெற்கே தள்ள, அடிநீர் எழும்புகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் பருவ நீரோட்டம் அந்தச் செழிப்பையும் சேர்த்துக்கொண்டு இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்குள் திரும்புகிறது. உலகின் நீலத்திமிங்கிலங்கள் பெரும்பாலும் துருவத்துக் குளிர்நீரில் தின்று, குட்டி போட வெப்பக் கடலுக்கு வருபவை. இலங்கையைச் சுற்றி உள்ளவற்றில் பல, ஆண்டு முழுவதும் வெப்பக் கடலை விட்டுப் போவதே இல்லை. அந்தத் தென்கரையின் மிரிச கடலில் அவற்றை ஆராய்ந்த இலங்கைக் கடலுயிரியலாளர் ஆஷா டி வோஸ் இதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அத்தனை பெரிய உடம்புக்கு இங்கேயே தீனி கிடைக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பாக் விரிகுடாவில் வேறு வழி. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை என்பதால் ஒளியே அடிவரை இறங்கிவிடுகிறது. அங்கே கடற்புல் மண்ணில் வேர்விட்டு, பூத்து, காய்க்கிறது. அதை மேய ஆவுளியா வருகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை இந்தக் கடற்பசுவுக்கென்றே தமிழக அரசு 2022இல் ஒதுக்கியது. மன்னார் வளைகுடாப் பவளங்கள் பாசியைத் தம் சதைக்குள்ளேயே குடிவைத்து, தம் கழிவை அதற்கு உரமாக்கிக்கொள்கின்றன. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றின் பவளப் பார்களும் 1986இல் தேசியப் பூங்கா ஆயின.

ஆனால் பூங்காவுக்கு எல்லை போட்டாலும் நீருக்கு எல்லை இல்லை. வாடைக்காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் கரையோரமாக இறங்கி, பாக் விரிகுடா வழியே பாம்பன் கால்வாயிலும் ராமர் பாலத்து இடைவெளிகளிலும் புகுந்து மன்னாருக்குள் வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் வடக்கே திரும்புகிறது. மீன்முட்டையும் குஞ்சும் பவளத்தின் இளவுயிரும் அதில்தான் பயணம் போகின்றன. கலங்கலும் அதே வழியில்தான் போகும். இந்தக் கடலில் கப்பல் வழி அமைக்கும் சேதுக் கால்வாய்த் திட்டத்துக்காக 2005இல் தோண்டத் தொடங்கியபோது பலரும் கப்பல் செல்லும் தடத்தை மட்டுமே பார்த்தார்கள். கிளறிவிட்ட சேறு கடற்புல்லின் மேலும் பவளத்தின் மேலும் படிந்து ஒளியை மறைத்துவிடும் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அந்தத் திட்டத்துக்கு எதிரான முதல் வாதம்.

பவளத்துக்குக் கடினமான காலம் ஏப்ரலும் மே மாதமும். வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் பிடிக்காத இடைவேளை அது. நீர் கலங்காமல் வெயிலில் காய்கிறது. சூடு 30 டிகிரியைத் தாண்டிப் பல வாரம் நீடித்தால் பவளம் தன் பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறுகிறது. 2010இலும் 2016இலும் மன்னாரில் அது பெரிய அளவில் நடந்தது. காற்று பிடித்து நீர் குளிர்ந்தால், சாகாமல் தாக்குப்பிடித்த பவளங்களில் பாசி மெல்லத் திரும்பும். தெளிந்த நீரில் அது எளிது. கழிவுநீரும் சேறும் சேர்ந்த இடத்தில் அந்த மீட்சி இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் அடுத்த ஏப்ரல் வந்துவிடும்.