ஊரறியப் பிறக்கும் ரகசியம்

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் இந்த வட்டாரத்தில், எங்கோ இருக்கும் சர்வரை இங்கிருந்தே பராமரிப்பது இன்று அன்றாட வேலை. கல்லூரிப் பையன்கூட மும்பையில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து நண்பர்களுக்காக மைன்கிராஃப்ட் நடத்தலாம். ஆட்டத்தைக் கெடுப்பவரை வெளியேற்றுவது, சர்வரையே நிறுத்துவது எல்லாம் அட்மின் கன்சோலின் கையில்.

அந்த கன்சோலைத் தொலைவிலிருந்து இயக்க மைன்கிராஃப்டிலேயே ஆர்-கான் என்ற வசதி உண்டு. வழக்கமாக 25575-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். ஆனால் அதில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல், தட்டச்சு செய்தபடியே பயணிக்கிறது. வழியில் ஒட்டுக்கேட்பவர் அதை அப்படியே படித்துவிடலாம்.

1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படித்தான் பாஸ்வேர்ட்கள் திருடுபோயின. அங்கிருந்த டாட்டு யுலோனன் அதைத் தடுக்க, அனுப்புவதையெல்லாம் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் நிரலை எழுதி, அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்டார். 21-ஆம் போர்ட்டில் எஃப்டிபி, 23-இல் டெல்நெட். நடுவே காலியாக இருந்த 22-ஆம் போர்ட்டைக் கேட்டு வாங்கினார்.

இன்றைய எஸ்எஸ்எச்சுக்கு அடித்தளம், 1976-இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் வெளியிட்ட கணக்கு. முன்பின் பேசிக்கொள்ளாத இரு கருவிகள், எல்லோரும் கேட்கப் பேசியே ஒரு ரகசியத்தை உருவாக்கிவிடும். கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 5, 23 என்ற எண்கள் ஊருக்கே தெரியட்டும். தென்காசி லேப்டாப் மனதுக்குள் 3 என்று வைத்துக்கொள்கிறது. ஐந்தின் மூன்றாம் அடுக்கு 125. 23-ஆல் வகுத்தால் மீதி 10. அந்தப் பத்தை அனுப்புகிறது. மும்பை சர்வரின் ரகசியம் 7. ஐந்தின் ஏழாம் அடுக்கு 78,125, மீதி 17. அது 17-ஐ அனுப்புகிறது. இப்போது லேப்டாப் 17-இன் மூன்றாம் அடுக்கைக் கணக்கிட்டால் 4,913, மீதி 14. சர்வர் பத்தின் ஏழாம் அடுக்கைக் கணக்கிட்டால் ஒரு கோடி. மீதி அதே 14! பதினான்கு என்ற எண் கம்பியில் போகவே இல்லை. எனக்கு இது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத அதிசயம். 23 இருக்கும் இடத்தில் அறுநூறு இலக்கத்துக்கும் மேல் நீளும் எண்ணை வைத்தால், ஒட்டுக்கேட்பவர் 10, 17 போன்றவற்றைப் பிடித்து வைத்திருந்தும் ரகசியத்தை எட்ட முடியாது.

ஆனால் எதிர்முனையில் இருப்பது நம் சர்வர்தானா, நடுவில் புகுந்த வேறொருவரா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்காகத்தான் முதல்முறை இணையும்போது எஸ்எஸ்எச், சர்வரின் அடையாளமான கைரேகையைத் திரையில் காட்டி, சரியா என்று கேட்கிறது. பலரும் படிக்காமலே ‘யெஸ்’ அடிக்கிறார்கள். தயவுசெய்து சர்வரின் உண்மையான கைரேகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதுகாப்பின் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஆர்-கானைக் கைவிட வேண்டியதில்லை. 25575-ஐ ஃபயர்வாலில் மூடிவிட்டு, எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள் அதைச் செலுத்தினால் போதும். உள்நுழைய பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக்கோப்பு வைக்கலாம். அந்தரங்கச் சாவி லேப்டாப்பை விட்டு நகராது. சர்வரிடம் இருப்பது அதன் பொதுச் சாவி மட்டுமே. லேப்டாப் தொலைந்துபோனால், சர்வரில் அந்தப் பொதுச் சாவி உள்ள ஒரு வரியை அழித்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும்.