ஓட்டமும் அரிசியும்: உடல் செலவிடும் சக்தியைக் கணக்கிடல்

விளையாட்டுப் போட்டிக்கென மாலையில் ஓடிப் பழகும் பிள்ளை இரவில் இன்னும் சோறு கேட்டால், அதனைப் பேராசை என்று எண்ணிவிடுகின்றோம். அவன் கேட்பது நியாயமா என்பதைச் சிறு பெருக்கல் கணக்கினால் அறிந்துகொள்ளலாம்.

ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியசால் உயர்த்தத் தேவையான சக்தியையே உணவு பற்றிப் பேசும்போது ஒரு கலோரி என்கின்றோம். உடல் ஒரு லீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது ஏறத்தாழ 5 கலோரி செலவாகும். ஆகவே மூச்சை அளந்தால் செலவையும் அளக்கலாம். இவ்வாறு அளந்த இத்தாலிய உடற்றொழிலியலாளர் மார்காரியாவும் அவரது குழுவினரும் 1963இல் ஓர் எளிய உண்மையை வெளியிட்டனர். சமதரையில் ஓடுபவர், தம் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவிடுகிறார். விரைவாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் மொத்தத்தில் பெரிய வேறுபாடில்லை. மெதுவாக ஓடுபவர் கூடிய நேரம் ஓடுகிறார், அவ்வளவுதான்.

ஆகவே நிறையைத் தூரத்தால் பெருக்குங்கள். 50 கிலோ நிறையுள்ள பிள்ளை 5 கிலோமீற்றர் ஓடினால் 250 கலோரி. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி உண்டு. எனவே அவன் ஓடித் தீர்த்தது ஏறத்தாழ 70 கிராம் அரிசி. பிள்ளை கேட்டது நியாயமே.

நடைக்கு இதில் மூன்றில் இரண்டு பங்கு எனக் கொள்ளலாம். சுமையையும் உடல் நிறையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 45 கிலோ நிறையுள்ள தாய் ஒன்றரைக் கிலோமீற்றர் வெறுங் கானுடன் போய், 15 லீற்றர் நீருடன் திரும்பினால், போகும்போது 45, வரும்போது 60, ஆக 105 கலோரி. நாளுக்கு இருமுறை என்றால் 210. ஓடும் மகனுக்குக் கூடுதல் சோறு வைக்கும் தாய், தன் நடையைக் கணக்கில் எடுப்பதேயில்லை! மணற்பாங்கான வழியென்றால் செலவு இரு மடங்கையும் தாண்டும்.

மண்வெட்டி வேலைக்குத் தூரம் இல்லை. அதனை மணித்தியாலத்தால் அளக்க வேண்டும். சும்மா இருக்கும் உடலே கிலோவொன்றுக்கு மணிக்கு ஒரு கலோரி கேட்கும். தோட்டம் கொத்துபவருக்கு அது ஐந்து மடங்கு. 50 கிலோ நிறையுள்ளவர் ஒரு மணிநேரம் கொத்துவது, அந்தப் பிள்ளை 5 கிலோமீற்றர் ஓடுவதற்குச் சமன். நான்கு மணிநேரம் கொத்தினால் 1000 கலோரி. மிகுதி நேரத்தில் உறக்கத்துக்கு 400, சிறு வேலைகளுக்கு ஏறத்தாழ 1000. மொத்தம் 2400.

அவசரகால நிவாரணத்தைத் திட்டமிடுவோர் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2100 கலோரி எனக் கணக்கிடுவது வழக்கம். அது குழந்தை முதல் முதியவர் வரை எல்லோருக்குமான சராசரி. இலகுவான வேலை செய்வோரை மனதிற்கொண்டு வகுத்தது. காடு வெட்டிக் காணி திருத்தும் கமக்காரக் குடும்பத்துக்கு அது போதாது என்று கேட்பதற்கு இக்கணக்கு உதவும். பாலூட்டும் தாய்க்கோ வேலையே செய்யாவிட்டாலும் மேலதிகமாக 500 கலோரி வேண்டும்.

குறையை நிரப்ப எண்ணெய் நல்லது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு.

இக்கணக்குகள் ஏறக்குறையவே சரி. பத்தில் ஒன்றோ இரண்டோ கூடிக் குறையலாம். இரு வாரங்களுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அரிசி மூடை நிறுக்கும் தராசே போதும். வளர்ந்தவரின் நிறை தொடர்ந்து இறங்கினால், பெரும்பாலும் உணவு வேலைக்கு ஈடாகவில்லை. சிறு பிள்ளையின் நிறை இறங்கினால், கணக்குப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமாதுவிடம் கொண்டுசெல்லுங்கள்.