பருவுக்குக் களிம்பு வாங்கும் முன்...

பதினான்கு வயதுப் பிள்ளையின் முகத்தில் பரு எட்டிப் பார்த்தால், தோட்டப்புற வீடுகளில் முதலில் எழும் குரல், "முகத்தை ஒழுங்காகக் கழுவு" என்பதுதான். பாவம், அந்தப் பிள்ளையும் நாளுக்கு ஆறு தடவை சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறது. பரு போவதில்லை, தோல் வறண்டு எரிவதுதான் மிச்சம்.

பரு அழுக்கினால் வருவதல்ல. தோலுக்கடியில், முடிக்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. பருவ வயதில் ஆண், பெண் இருவருக்குமே ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடுவதால் இவை அதிகமாகச் சுரக்கின்றன. இறந்த செல்கள் எண்ணெயோடு சேர்ந்து துவாரத்தை அடைத்துவிட, எல்லார் தோலிலும் குடியிருக்கும் ஒரு கிருமி உள்ளே பெருகி, வீக்கமும் சீழும் உண்டாகின்றன. அப்பா, அம்மாவுக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். தலையில் நெற்றி வழியத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் சிலருக்கு நெற்றிப் பருவைக் கூட்டும். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் இறங்கினாலோ தோல் வெந்து கறுத்துவிடும்.

ஆனால் பருவை விடப் பெரிய ஆபத்து, இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் பெயர் தெரியாத களிம்புகள்தான். பஹாவ், ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களிலும் இவை எளிதில் கைக்கு வரும். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று மாறினால் சந்தேகப்படுங்கள்! பாதரசம், ஹைட்ரோகுயினோன், பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஆகியவை கலந்த களிம்புகளை மலேசிய சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. ஸ்டீராய்டை நிறுத்தியதும் பரு முன்னைவிட மோசமாகத் திரும்பும். பாதரசமோ சிறுநீரகத்தையே தாக்கும். கேரளாவின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகை சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் ஒரு தனி வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்க வைக்கும் களிம்பு பூசியவர்கள். சிவப்பாக இருந்தால்தான் வரன் அமையும் என்ற பேச்சு நம் வீடுகளில் நிற்காதவரை இந்த வியாபாரம் படுக்கப்போவதில்லை.

சரி, என்னதான் செய்வது? இலேசான பருவுக்கு மருந்தகத்தில் கிடைக்கும் 2.5 அல்லது 5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடு போதும். (தலையணை உறையை வெளுக்க வைத்துவிடும், பழைய உறையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) மருத்துவர் அடாபலீன் களிம்போ டாக்சிசைக்ளின் மாத்திரையோ தரலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பலரும் மூன்றாம் வாரத்திலேயே கைவிட்டு, "மருந்து கேட்கவில்லை" என்கிறார்கள். ஆழமான, தழும்பாகும் பருக்களுக்கு ஐசோட்ரெட்டினோயின் உண்டு. அது கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் தோல் நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட வேண்டும். மாதவிலக்கு தவறி, முகத்தில் ரோமமும் வளரும் பெண்கள் ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பருவைக் கிள்ளாதீர்கள், நம் மாநிறத் தோலில் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். தேவைப்பட்டால் அங்கிருந்தே சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். போகும்போது, இதுவரை பூசிய களிம்பு டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாதரசச் சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அதுவே முதல் தடயம்.