நாடியறிந்து நடத்தல்



வன்னிப் பெருநிலத்தில் உடற்பருமனைப் பற்றிப் பேச்செடுத்தால் முதியோர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் முள்ளிவாய்க்காலில் ஒரு குவளைக் கஞ்சிக்காகக் காத்து நின்ற மக்களிடம் உடம்பைக் குறைக்கச் சொல்வது எங்ஙனம்? மெலிவைத் துயரின் அடையாளமாகவும் தடிப்பை நல்வாழ்வின் அடையாளமாகவும் அவர்கள் கருதுவதில் வியப்பில்லை. எனினும், மீள்குடியேற்றத்தின் பின்னர் எமது வாழ்க்கை முறை பெரிதும் மாறிவிட்டது. அரிவாள் ஏந்தியவர் நின்ற வயலில் அறுவடை இயந்திரம் ஓடுகின்றது. துவிச்சக்கர வண்டியில் சந்தைக்குச் சென்றவர் மோட்டார் சைக்கிளில் செல்கின்றார். சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. தெற்காசிய மக்களாகிய எமக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்ரிமீற்றரையும் பெண்களில் 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே நீரிழிவும் இருதய நோயும் நெருங்கி வருகின்றன என்பது வைத்திய அறிஞர் கருத்து.

இத்தகையோரிடம் வைத்தியர், "நாள்தோறும் நடவுங்கள்" என்கின்றார். எவ்வளவு வேகமாக நடப்பது என்று கேட்பார் இல்லை; நெரிசல் மிக்க வைத்தியசாலையில் அதனை விளக்க வைத்தியருக்கு நேரமும் இல்லை. இதன் விளைவை எங்கள் பாடசாலை மைதானத்தில் மாலைதோறும் காணலாம். சிலர் ஊர்க்கதை பேசியபடி தேர் நகர்வதுபோல் நகர்வர். வேறு சிலர் முதல் நாளே மூச்சிரைக்க விரைந்து, மூன்றாம் நாள் முழங்கால் நோவென்று வீட்டில் தங்கிவிடுவர். இவ்விரு சாராருக்கும் பயன்படக்கூடிய அளவுகோல் ஒன்று ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருக்கின்றது. அதுவே நாடி.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவரும் தொண்ணூறு கிலோ எடையுள்ள ஒருவரும் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் வரை ஒன்றாக நடக்கின்றனர் என்று கொள்வோம். வேகம் ஒன்றுதான், உழைப்பு ஒன்றன்று. இரண்டாமவர் இருபத்தைந்து கிலோ அரிசி மூடை ஒன்றினும் மிகுந்த சுமையை ஒவ்வோர் அடியிலும் தூக்கி வைக்கின்றார். அவருடைய தசைகள் கூடுதலான பிராணவாயுவைக் கேட்கின்றன. அதை ஏற்றிச் செல்லும் குருதியை அனுப்ப இருதயம் விரைந்து துடிக்கின்றது. முதலாமவருக்கு உலாவாக இருப்பது இரண்டாமவருக்குக் கடும் பயிற்சியாகிவிடுகின்றது. ஆகவே அயலவரின் வேகத்தைப் பார்த்து நடப்பதிற் பொருளில்லை.

நாடி பார்ப்பது எமக்குப் புதிதன்று. சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து வாத பித்த கபங்களை ஆராய்ந்தனர். எமக்கு இங்கே வேண்டியது அத்துணை நுட்பமன்று, எண்ணிக்கை மட்டுமே. ஆங்கில வைத்தியர் சேர் ஜோன் புளோயர் என்பார் 1707ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிக் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து நாடியை எண்ணினார். பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் உட்புறத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். பெருவிரலால் பார்க்கலாகாது, அதற்கும் சொந்தத் துடிப்பு உண்டு. காலையில் விழித்ததும், தேநீர் அருந்துமுன், படுக்கையிற் கிடந்தபடியே ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூன்று நான்கு நாட்கள் எண்ணிச் சராசரி கண்டால் அதுவே உங்கள் ஓய்வுத் துடிப்பு. நடையின்போதாயின், நின்றவுடன் பதினைந்து விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். நின்ற பின் துடிப்பு விரைவில் இறங்கிவிடுமாதலால், முழு நிமிடம் எண்ணினால் கணக்குப் பிழைத்துப்போகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 220 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழித்தால் இருதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். பின்லாந்து நாட்டைச் சேர்ந்த கார்வோனன் என்ற ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும் 1957இல் வெளியிட்ட ஆய்வொன்று மேலும் ஒரு படி சென்றது. உச்சத்துக்கும் ஓய்வுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இருதயத்தின் கையிருப்பு எனலாம். அக்கையிருப்பில் எத்தனை வீதத்தைச் செலவிடுகின்றோம் என்பதே உழைப்பின் உண்மையான அளவு.

ஐம்பது வயதுடைய ஒருவரின் உச்சம் 170. ஓய்வுத் துடிப்பு 80 ஆயின் கையிருப்பு 90. மிதமான அப்பியாசம் என்பது கையிருப்பில் 40 முதல் 60 வீதம் வரை. 90இல் 40 வீதம் 36. அதை 80உடன் கூட்ட 116. 60 வீதம் 54, கூட்டினால் 134. எனவே அவர் 116க்கும் 134க்கும் இடையில் நடக்க வேண்டும். பதினைந்து விநாடிகளில் 29 முதல் 33 துடிப்புகள் என்று நினைவில் வைத்தாற் போதும். அதே வயதில், வயல் வேலையாற் பழகிய உடம்பும் 60 என்ற ஓய்வுத் துடிப்பும் உடைய வேறொருவருக்கு இவ்வெல்லை 104 முதல் 126 வரையாகும். வயது ஒன்றாயினும் எல்லை வேறு.

கார்வோனன் ஆராய்ந்தது இளம் ஆண்கள் சிலரை. அவர்கள் 60 வீதத்துக்கு மேல் உழைத்த பின்னரே முன்னேறினர். நெடுநாள் உட்கார்ந்து பழகிய பருத்த உடலினருக்கோ 40 வீதமே நல்ல தொடக்கம். அதற்கும் பயன் உண்டு. உடற்பருமன் உள்ளோருக்கு 200இலிருந்து வயதின் பாதியைக் கழிப்பதே பொருத்தம் என்று 1993இல் ஓர் ஆய்வு கூறியது. அதன்படி ஐம்பது வயதினரின் உச்சம் 175. ஐந்து துடிப்பு வேறுபாட்டை வைத்து வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. எந்தச் சூத்திரமாயினும் தனிமனிதர் ஒருவரில் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் ஏறக்குறைய இருத்தல் கூடும். ஆதலால் எண்ணோடு வாயையும் சாட்சிக்கு அழையுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியலாகாது. பேசவே இயலாவிட்டால், கணக்கு எதைச் சொன்னாலும் வேகத்தைக் குறைக்கவேண்டியதே.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். உயர் குருதி அமுக்கத்துக்கும் இருதய நோய்க்கும் கொடுக்கப்படும் அட்டெனோலோல், பைசொப்ரொலோல் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் கட்டுப்படுத்துபவை. அவற்றை உட்கொள்பவர் மேற்சொன்ன எண்ணை எட்ட முயன்றால் அளவு கடந்து உழைத்து ஆபத்தைத் தேடிக்கொள்வார். அவருக்குப் பேச்சுச் சோதனையே வழிகாட்டி. கணக்கைச் சரிசெய்வதற்காக மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. நெஞ்சு நோவு, தலைச்சுற்று, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் உடனே நின்றுவிட வேண்டும். நீரிழிவோ இருதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கண்ட பின்னரே தொடங்குதல் நன்று.

எமது மண்ணின் வெப்பமும் கணக்கிற் சேரும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெயிலில் நடப்பவருக்கு, தோலைக் குளிர்விக்கவும் குருதி ஓடவேண்டியிருப்பதால், அதே வேகத்திலும் துடிப்பு ஏறும். அப்போது வேகத்தைக் குறைத்து எண்ணைக் காப்பதே முறை. காலையே சிறந்த வேளை. குளக்கட்டில் நடப்போர் நன்றாக விடிந்த பின் செல்லட்டும். யானைக்கு எங்கள் நாடிக்கணக்குத் தெரியாது. முழங்கால் நோவுடையோர் பழைய துவிச்சக்கர வண்டியைத் துடைத்து எடுக்கலாம். உடற்பாரத்தை வண்டி தாங்கும். இருதயம் தன் வேலையைச் செய்யும்.

போரிற் காலை இழந்தோர் பலர் எம்மிடையே வாழ்கின்றனர். செயற்கைக் காலுடன் நடப்பதற்கு, சிறப்பாக முழங்காலுக்கு மேல் இழந்தவருக்கு, மிகுந்த சக்தி செலவாகும். மெல்ல நடக்கும் அவரைச் சோம்பேறி என்று எவரும் எண்ணலாகாது. நாடியைத் தொட்டுப் பார்த்தால் விரைந்து நடப்பவரினும் அவர் கூடுதலாக உழைப்பது தெரியவரலாம். சக்கர நாற்காலியில் இருந்து கைகளால் மட்டும் அப்பியாசம் செய்வோரின் உச்சத் துடிப்புச் சற்றுக் குறைவு. முள்ளந்தண்டின் மேற்பகுதியிற் காயமுற்றோருக்கு நாடி உழைப்புக்கேற்ப உயராதாகையால் இக்கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

முதல் வாரம் பத்து நிமிடம், பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் முப்பது நிமிடம் என்ற அளவை எட்டலாம். தராசு முள் விரைவில் இறங்காது. நடை மட்டும் எடையைக் குறைப்பது சிறிதே. ஆனால் எடை அசையாத காலத்திலும் இருதயம் வலுப்பெறுகின்றது, குருதியிற் சீனி தணிகின்றது. இரண்டு மூன்று மாதங்களின் பின் மீண்டும் படுக்கையிற் கிடந்து நாடியை எண்ணுங்கள். 80 ஆக இருந்தது 74 ஆகியிருக்கக்கூடும். அப்போது பழைய எல்லையை விட்டு, புதிய எண்ணை வைத்துக் கணக்கை மறுபடி போடவேண்டும்.