எஸ் 12000 போட்டால் என்ன நடக்கும்?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். புராஜெக்டில் கற்றதை, எங்கப்பாவுக்குச் சொல்வதுபோல உங்களுக்கும் சொல்கிறேன்.

சி.என்.சி. புரோகிராமில் எஸ் 12000 என்று எழுதுகிறோம். மாக்3 சாஃப்ட்வேர் தரும் பல்ஸை கன்ட்ரோல் போர்டு 0 முதல் 10 வோல்ட்டாக மாற்றி வி.எஃப்.டி.க்கு அனுப்புகிறது. அதற்கேற்ற ஃப்ரீக்வன்சியை வி.எஃப்.டி. மோட்டாருக்குக் கொடுக்கிறது. எம்3 போட்டால் ரிலே சேர்ந்து மோட்டார் ஓடும். எம்5 போட்டால் நிற்கும்.

எங்கள் ஸ்பிண்டில் இரண்டு போல் மோட்டார். 220 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், 24000 ஆர்.பி.எம். ஆகவே 12000-க்கு 5 வோல்ட், 200 ஹெர்ட்ஸ். 10 வோல்ட் என்றால் 24000 என்பதை சாஃப்ட்வேர், வி.எஃப்.டி. இரண்டிலும் ஒன்றுபோல செட் செய்யணும்.

வயரிங் முடிந்ததும் ஸ்டார்ட் பட்டனில் கை வைத்தேன். "பேஸ் ஃப்ரீக்வன்சி பார்த்தியா?" என்றார் சார். அதில் 50 இருந்தது! 220 வோல்ட்டும் 50 ஹெர்ட்ஸிலேயே போயிருந்தால் கரன்ட் எகிறி காயில் கருகியிருக்கும். ஆறு பேர் காசு போட்டு வாங்கிய மோட்டார். என் பங்கு அப்பாவின் ஒரு வாரக் கூலி. கை நடுங்க 400 என்று மாற்றினேன்.

நண்பர்களே, மோட்டார் பெயர்ப்பலகையைப் படித்து, பாராமீட்டரைச் சரிபார்த்து, 5 வோல்ட்டை மீட்டரில் பார்த்த பிறகே பட்டனைத் தொடுங்க!